ஆறு கட்டில் ஐ.சி.யு.வுக்கு எந்தப் பதிவேடு?

மலையக வைத்தியசாலை ஒன்றின் அபிவிருத்திக் குழுவுக்கு நன்கொடை வந்தால், எந்த மெஷின் வாங்கலாம் என்பதுதான் முதலில் எழும் கேள்வி. வென்டிலேட்டர், மொனிட்டர், சிரிஞ்ச் பம்ப் எல்லாமே தேவைதான். ஆனால் அண்மைக் காலமாக இன்னொரு கேள்வியும் கூட்ட மேசைக்கு வருகிறது. ஐ.சி.யு.வில் சேரும் நோயாளர்களின் விவரங்களை எப்படிப் பதிந்து, எப்படிச் சேர்த்து வைத்து, அவற்றிலிருந்து சிகிச்சையின் தரத்தை எப்படி உயர்த்துவது? மயக்கமருந்து வைத்தியராக அந்தக் கட்டில்களுக்கு நடுவே நிற்கும் எனக்கு, இது மெஷினை விடச் சிறிய கேள்வியாகத் தோன்றவில்லை. இலங்கை முழுவதையும் எடுத்தாலே ஒரு இலட்சம் பேருக்கு இரண்டு மூன்று ஐ.சி.யு. கட்டில்கள்தான். இருக்கும் கட்டிலில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இன்னொரு கட்டில் போட்டுப் பயனில்லை.

ஒரு மாவட்ட வைத்தியசாலைக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. இப்போதுள்ள காகிதப் பதிவேட்டையே ஒழுங்காக்குவது ஒன்று. நாமே ஒரு எக்செல் தாளைத் தொடங்குவது இரண்டாவது. பல வைத்தியசாலைகள் சேர்ந்து நடத்தும் பொதுப் பதிவகத்தில் இணைவது மூன்றாவது. மொனிட்டரிலிருந்து எண்களைத் தானே இழுத்துக்கொள்ளும் முழு மின்னணு முறைமையை வாங்குவது நான்காவது.

ஐந்தாவதாக ஒன்றையும் சிலர் சொல்கிறார்கள். வெளிநாட்டில் திறந்து வைக்கப்பட்டுள்ள பெரிய தரவுத்தளங்களைக் கொண்டு செயற்கை நுண்ணறிவு தயாரித்த கணிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்கிறார்கள். அவற்றில் புகழ்பெற்ற மிமிக் தரவுத்தளம், அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் வைத்தியசாலையின் நோயாளர்களைக் கொண்டது. பயில்வதற்கு அது பெரும் சொத்து. எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் நின்றுபோனவரையும் கிருமிநாசினி குடித்துவிட்டு வந்த இருபது வயதுப் பிள்ளையையும் நாளாந்தம் பார்க்கும் ஐ.சி.யு.வின் தரத்தை அதை வைத்து அளக்க முடியாது. அதை இத்தோடு விட்டுவிடலாம்.

காகிதத்தில் இருந்து தொடங்குவோம். எந்த ஐ.சி.யு.விலும் கடின அட்டை போட்ட நீளமான அட்மிஷன் புத்தகம் ஒன்று இருக்கும். திகதி, பெயர், வயது, பி.எச்.டி. (கட்டில் தலைச்சீட்டு) இலக்கம், எந்த வார்டிலிருந்து வந்தார், நோய் என்ன, கடைசிப் பத்தியில் டிஸ்சார்ஜ், ட்ரான்ஸ்பர், டெத் மூன்றில் ஒன்று. இதன் பலத்தைக் குறைத்துப் பேசக் கூடாது. 2022 இல் நாடெங்கும் மணிக்கணக்கில் மின்சாரம் நின்றபோதும் இந்தப் புத்தகம் நிற்கவில்லை. மண்சரிவில் பாதை மூடி, தொலைபேசிக் கோபுரம் விழுந்தாலும் அது எழுதப்படும். எந்த மிஸ்ஸிக்கும் (தாதிக்கும்) பயிற்சி தேவையில்லை.

பலவீனம் என்னவென்றால், எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை அது சொல்லும். வந்தபோது எவ்வளவு மோசமாக இருந்தார்கள் என்பதைச் சொல்லாது. அந்த விவரம் கட்டிலின் கால்மாட்டில் இருக்கும் பெரிய சார்ட் தாளில் மணிக்கு மணி எழுதப்பட்டிருக்கும். இரத்த வாயுப் பரிசோதனையின் துண்டுச்சீட்டு அதே தாளில் பிளாஸ்டரால் ஒட்டப்பட்டிருக்கும். அது வெப்பத்தில் அச்சாகும் காகிதம். சில மாதங்கள் கழித்துப் பதிவறையில் அந்த பி.எச்.டி.யைத் தேடி எடுத்தால், ஒட்டிய இடத்தில் வெள்ளைச் சீட்டும் பழுப்பேறிய பிளாஸ்டரும் மட்டுமே இருக்கும். எண்கள் மங்கி மறைந்திருக்கும். பிறகு ஆறுதலாக ஆராயலாம் என்று காகிதத்தில் விட்டுவைப்பது, பாதியை இழக்கச் சம்மதிப்பதுதான்.

நோயின் கடுமையைப் பதியாமல் இறப்பை மட்டும் எண்ணினால், பாரமான நோயாளரை ஏற்கும் வைத்தியசாலை எப்போதும் கெட்ட பெயர் வாங்கும். இதற்காகவே 1985 இல் அப்பாச்சி 2 என்ற அளவுகோல் வந்தது. சேர்ந்த முதல் 24 மணித்தியாலத்தில் இரத்த அழுத்தம், சுவாச வேகம், கிரியேட்டினின் போன்ற 12 அளவுகளின் மிக மோசமான பெறுமானத்தை எடுத்து, வயதையும் நாட்பட்ட நோயையும் சேர்த்து, இத்தனை பேர் இறக்கக்கூடும் என்று கணிக்கும். உண்மையில் இறந்தவர்களின் தொகையை எதிர்பார்த்த தொகையால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். அது 1க்கு மேலே போனால் ஏன் என்று கேட்க வேண்டும். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1992 இலிருந்தும், பிரித்தானியா 1990களின் நடுப்பகுதியிலிருந்தும், நெதர்லாந்து 1996 இலிருந்தும் தேசிய அளவில் ஐ.சி.யு. தரவுகளைத் திரட்டி இப்படித்தான் ஒப்பிட்டு வருகின்றன.

அப்படியானால் நாமே ஒரு எக்செல் தாளில் இதைக் கணக்கிட்டுக்கொள்ளலாமே? ஆர்வமுள்ள இளம் வைத்தியர் ஒருவர் வந்ததும் பெரும்பாலும் நடப்பது இதுதான். செலவில்லை, அனுமதிக்கு அலையத் தேவையில்லை, நமக்கு வேண்டிய பத்தியை நாமே போட்டுக்கொள்ளலாம். முதல் ஆறு மாதம் அழகாக ஓடும். பிறகு வருடாந்த இடமாற்றப் பட்டியலில் அவர் பெயர் வரும். அவரோடு அந்தத் தாளும் போய்விடும், அல்லது யாருக்கும் புரியாத சுருக்கெழுத்துகளோடு ஒரு கணினியில் தூங்கும். நோயாளரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பென் டிரைவில் ஊர் சுற்றும் ஆபத்து வேறு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தரவை விசேட கவனத்துக்குரிய வகையில் வைத்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இதைவிட ஆழமான குறை கணிதத்தில் இருக்கிறது. ஆறு கட்டில் ஐ.சி.யு. ஒன்றில் வருடத்துக்கு 300 பேர் சேர்கிறார்கள், அவர்களில் 60 பேர் இறக்கக்கூடும் என்று அளவுகோல் கணிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வருடம் 48 பேர் இறந்தாலும் 72 பேர் இறந்தாலும், சிகிச்சையில் எந்த மாற்றமும் இல்லாமல் தற்செயலாகவே அப்படி நேர்ந்திருக்கலாம். 72ஐப் பார்த்து மிஸ்ஸிமாரைக் குற்றம் சொல்வதும் 48ஐப் பார்த்து விழா எடுப்பதும் ஒரே தவறு. சிறிய ஐ.சி.யு. தன் இறப்பு விகிதத்தை மட்டும் வைத்துத் தன்னைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. அதற்குப் பக்கத்து வைத்தியசாலைகளின் எண்களும் பல வருடத் தொடர்ச்சியும் வேண்டும்.

பொதுப் பதிவகம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. நாம் இதற்கு வெளிநாட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஐ.சி.யு. பதிவகம் ஒன்று இலங்கையிலேயே உருவாகி வளர்ந்திருக்கிறது. என்.ஐ.சி.எஸ்.டி. என்ற வலையமைப்பு அதை வளர்த்தெடுத்தது. பிறகு அதே தளம் கிரிட் கெயார் ஏசியா என்ற பெயரில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் என்று விரிந்தது. வளம் குறைந்த இடங்களில் அப்பாச்சி கேட்கும் பரிசோதனைகள் எல்லாம் எப்போதும் கிடைக்காது என்பதை உணர்ந்து, குறைந்த அளவுகளைக் கொண்டு கணிக்கும் ட்ரொபிக்ஸ் என்ற அளவுகோலை இந்தப் பணியில் ஈடுபட்ட ஆய்வாளர்கள் 2017 இல் வெளியிட்டார்கள். நம் வார்டுகளைத் தெரிந்தவர்கள் செய்த வேலை என்பது பார்த்தவுடன் தெரியும்.

சில பத்து விவரங்கள் கொண்ட அடிப்படைத் தொகுதியை டெப்பிலோ கணினியிலோ பதிந்தால் போதும். வைத்தியர் மாறினாலும் படிவம் மாறாது. இந்த வழியின் உண்மையான விலை மென்பொருளில் இல்லை, பதியும் ஆளில் இருக்கிறது. மூன்று நோயாளருக்கு ஒரு மிஸ்ஸி நிற்கும் இரவில் இதையும் நீங்களே பதியுங்கள் என்றால், பதிவு காலையில் ஞாபகத்திலிருந்து நிரப்பப்படும். அப்படி நிரப்பிய தரவு இல்லாததை விடக் கெட்டது. ஏனென்றால் அதை உண்மை என்று நம்பி முடிவெடுப்போம்.

இணைவதற்கு முன் மலைக்கு மேலே உள்ள வைத்தியசாலைகள் மூன்று விடயங்களை வாய்விட்டுக் கேட்க வேண்டும். கொழும்பில் இருந்து பார்ப்பவர்களுக்கு இவை கண்ணில் படாமல் போகலாம்.

முதலாவது, இல்லாத பரிசோதனை. அப்பாச்சியில் ஓர் அளவு விடுபட்டால் அது இயல்பாக இருந்தது என்றே பெரும்பாலும் கொள்ளப்படும். இரத்த வாயு மெஷின் பழுதாகி இரண்டு மாதம் கிடந்தால், அந்த இரண்டு மாதத்தில் வந்தவர்கள் தாளில் இருந்ததை விட ஆரோக்கியமானவர்களாகத் தெரிவார்கள். எதிர்பார்க்கும் இறப்பு குறையும், நம் விகிதம் ஏறும். பழுதான மெஷினின் குற்றம் வேலை செய்தவர்களின் தலையில் விழும்.

இரண்டாவது, உயரம். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடலோரத்தில் 760 மில்லிமீற்றர் பாதரசமாக இருக்கும் வளிமண்டல அமுக்கம் அங்கே ஏறத்தாழ 610 தான். இரத்தத்திலுள்ள ஒட்சிசன் அமுக்கத்தைச் சுவாசிக்கும் காற்றின் ஒட்சிசன் பங்கால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டே நுரையீரலின் நிலையை மதிப்பிடுகிறோம். எஸ்.ஓ.எப்.ஏ. என்ற உறுப்புச் செயலிழப்பு அளவுகோலின் மூல வடிவில் அந்த எண் 400க்குக் கீழே போனால் ஒரு புள்ளி. நோய் நொடியில்லாமல் நுவரெலியாச் சந்தையில் லீக்ஸ் மூட்டை தூக்கும் ஒருவருக்குச் சோதித்தாலும் அந்த எண் 400ஐ எட்டாது. ஆக அங்கே சேர்பவரின் நுரையீரல் நன்றாக இருந்தாலும் மலை ஒரு புள்ளியைக் கூட்டி வைக்கிறது. நோயாளர் இருப்பதை விட மோசமாகத் தெரிவார், வைத்தியசாலை இருப்பதை விடத் திறமையாகத் தெரியும். கடும் சுவாசச் செயலிழப்புக்கான 2012 ஆம் ஆண்டின் பெர்லின் வரைவிலக்கணம், 1,000 மீற்றருக்கு மேல் இந்தத் திருத்தத்தைச் செய்யும்படி சொல்கிறது. நுவரெலியாவும் ஹட்டன், டிக்கோயாப் பகுதியும் அந்தக் கோட்டுக்கு மேலே. கண்டியும் பதுளையும் கீழே. இரண்டையும் ஒரே வரைபில் வைப்பவர்கள் திருத்தம் செய்தார்களா என்று கேட்பது நம் உரிமை.

மூன்றாவது, மொழி. சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோல் எல்லாக் கணிப்புகளிலும் கனமான இடத்தைப் பிடிக்கிறது. அதில் பேச்சுக்கு ஐந்து புள்ளி. தெளிவாகப் பதில் சொன்னால் ஐந்து, குழம்பிப் பேசினால் நான்கு, தொடர்பற்ற சொற்கள் என்றால் மூன்று. தமிழ் மட்டுமே தெரிந்த எழுபது வயதுப் பாட்டியிடம் இன்று என்ன திகதி என்று சிங்களத்தில் கேட்டு, அவர் பயந்துபோய்ப் பேரனின் பெயரைச் சொல்லி அழைத்தால் எந்தப் புள்ளி போடுவது? நம் ஐ.சி.யு.க்களில் வேலை செய்யும் சிங்களச் சகோதரிகள் பலர் நல்ல மனத்தோடு நாலு தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டு கேட்கிறார்கள். அது போதாத இரவுகளும் உண்டு. யார், எந்த மொழியில் மதிப்பிட்டார் என்று ஒரு சிறிய பெட்டி படிவத்தில் இருக்க வேண்டும். தோட்டப் பதிவில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட பெயர்களும் இதே வகைச் சிக்கல்தான். ஒரே ஆள் திரும்பச் சேரும்போது புதியவராகப் பதிவானால், மீள அனுமதிக்கப்பட்டோர் கணக்கே பொய்யாகிவிடும்.

முழு மின்னணு முறைமையைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. ஒரு கட்டிலில் ஒரு கம்பனியின் மொனிட்டர், அடுத்த கட்டிலில் நன்கொடையாக வந்த வேறொன்று என்று இருக்கும் இடத்தில் எல்லாவற்றையும் ஒரே முறைமையோடு பேச வைப்பதே தனிச் செலவு. வருடா வருடம் அனுமதிப்பத்திரக் கட்டணம், பழுதுபார்க்கக் கொழும்பிலிருந்து ஆள். மெஷின் தானாக எடுக்கும் எண் எப்போதும் சரி என்பதும் இல்லை. தமனிக் குழாயைக் கழுவும் கணத்தில் இரத்த அழுத்தம் 300 என்று காட்டும். மனிதர் அதை எழுத மாட்டார், மெஷின் எழுதிவிடும். பெரிய போதனா வைத்தியசாலைக்குத் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் துணையோடு இது பொருந்தலாம். ஆறு கட்டிலுக்கு இப்போது வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பதிந்தால் மட்டும் தரம் உயர்ந்துவிடுமா? உயராது. நெதர்லாந்துப் பதிவகம் இதைத் தன்னைத்தானே சோதித்துக் கண்டுகொண்டது. ஐ.சி.யு.க்கள் சிலவற்றுக்கு மாதாந்த அறிக்கை, உள்ளூர்த் தரக் குழு, நேரில் வந்து விளக்கும் ஆட்கள் என்று எல்லாம் கொடுத்து, மற்றவற்றுக்கு வழமையான அறிக்கையை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2013 இல் வெளியான முடிவில் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. பின்னர் நோவைக் கவனிக்கும் விதத்தில் இன்னொரு சோதனை. இம்முறை எண்ணோடு சேர்த்து, அது ஏன் குறைவாக இருக்கலாம், அதற்கு என்ன செய்யலாம் என்ற செயற்பட்டியலும் கொடுத்தார்கள். 2019 இல் வெளியான அந்த ஆய்வில், செயற்பட்டியல் கிடைத்த ஐ.சி.யு.க்கள் கூடுதலாக முன்னேறியிருந்தன.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்ததும் இதையே காட்டுகிறது. அங்கே 103 ஐ.சி.யு.க்கள் சேர்ந்து, பெரிய நாளத்துக்குள் போடும் சென்ட்ரல் லைன் குழாய் வழியே வரும் கிருமித்தொற்றை எண்ணத் தொடங்கின. எண்ணியதோடு நிற்கவில்லை. கை கழுவுதல், முழு மறைப்பு உடை, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைத்தல், தொடைப் பக்கம் குழாய் போடுவதைத் தவிர்த்தல், தேவை முடிந்ததும் எடுத்துவிடுதல் என்று ஐந்து செயல்களைக் கட்டாயமாக்கின. வைத்தியர் ஒன்றைத் தவறவிட்டால் நிறுத்தும்படி சொல்லத் தாதிக்கு அதிகாரம் கொடுத்தார்கள். ஆயிரம் குழாய் நாட்களுக்கு 2.7 தொற்று என்றிருந்த நடுப்பெறுமானம் மூன்று மாதத்தில் பூச்சியமானதாக 2006 இல் வெளியான ஆய்வு சொன்னது. இந்த ஐந்தில் எதற்கும் பெரிய மெஷின் தேவையில்லை. ஆறு கட்டிலிலும் செய்யலாம்.

எண்கள் மேலே போய்க் கீழே திரும்பி வராத ஏற்பாடு, கொழுந்து பறித்தவருக்குத் தராசைக் காட்டாமல் நிறுப்பதைப் போன்றது. மலையகத்தில் அதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆகவே எந்தப் பதிவகத்தோடு கையெழுத்து வைத்தாலும், நம் ஐ.சி.யு.வின் மாத அறிக்கை அடுத்த மாதத்துக்குள் மிஸ்ஸிமாரின் மேசைக்கு வரும் என்பதும், நம் தரவின் முழுப் பிரதியை நாமே எடுத்துக்கொள்ளலாம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். நோயாளரின் குடும்பத்துக்குத் தரவு எதற்காக எடுக்கப்படுகிறது என்று தமிழிலும் அறிவித்தல் வைக்க வேண்டும். ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவதானால் தனி ஒழுக்கவியல் அனுமதி வேண்டும்.

நான் எடை போட்டுப் பார்த்த வரையில், மாவட்ட மட்டத்தில் ஆறு எட்டுக் கட்டில் உள்ள இடத்துக்குப் பதிவகமே சரி. நன்கொடையில் இரண்டு டெப், மின்சாரம் போனால் தாங்கும் யூ.பி.எஸ். ஆகியவற்றை வாங்கிவிட்டு, மிகுதி முழுவதையும் பதியும் ஒருவரின் அரைநாள் சம்பளத்துக்கு ஒதுக்கச் சொல்வேன். தமிழும் சிங்களமும் தெரிந்த, தோட்டத்திலிருந்து உயர்தரம் முடித்து வந்த பிள்ளை ஒருவருக்கு அந்த வேலையைக் கொடுத்தால் பெயர்ச் சிக்கலில் பாதி அன்றே தீரும். இரண்டு கட்டில் மட்டும் உள்ள சிறிய பிரிவுக்கு ஒழுங்கான காகிதப் பதிவேடே போதும்.

பதிவகத்தின் படிவத்தில் இல்லாத இரண்டு விடயங்களை மட்டும் நாமே தனியாக எழுத வேண்டும். இந்த முழு முயற்சியிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இவைதான். ஐ.சி.யு. தரவுத்தளங்கள் பெரும்பாலும் ஐ.சி.யு. வாசலில் இருந்தே எண்ணத் தொடங்குகின்றன. நம்மவர்களின் நோய் தோட்டக் குடியிருப்பான லயத்தில் தொடங்குகிறது. காய்ச்சல் எப்போது வந்தது, தோட்ட வைத்திய உதவியாளர் எப்போது பார்த்தார், வந்தது 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸிலா, தோட்ட லொறியிலா, முச்சக்கர வண்டியிலா, டிக்கோயாவில் இருந்து நுவரெலியாவுக்கோ நாவலப்பிட்டிக்கோ கண்டிக்கோ அனுப்ப எத்தனை மணித்தியாலம் போனது என்பவை நாலு வரியில் அடங்கும். சேரும்போதே செப்டிக் அதிர்ச்சியில் (கிருமித்தொற்றால் இரத்த அழுத்தம் வீழ்ந்த நிலையில்) இருந்தவர்களில் எத்தனை பேர் பாதையில் ஆறு மணித்தியாலம் இழந்தவர்கள் என்று தெரிந்தால், சுகாதார அமைச்சிடம் கேட்க வேண்டியது வென்டிலேட்டரா, அம்புலன்ஸா, பாதையா என்பதும் தெரிந்துவிடும்.

மற்றது, கட்டில் கிடைக்காதவர்கள். ஐ.சி.யு. நிரம்பியதால் வார்டிலேயே வைத்துப் பார்க்கப்பட்டு இறந்தவர் எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. அவருக்கு இடம் கொடுக்க நடுச்சாமத்தில் வார்டுக்கு மாற்றப்பட்டவரும் தரவில் வெறும் டிஸ்சார்ஜ்தான். இரவில் இப்படி வெளியேற்றப்படுவோருக்குப் பின்னர் இறப்பு கூடுதல் என்று பிரித்தானியத் தரவுகளைக் கொண்டு 2000 ஆம் ஆண்டிலேயே லான்செட் இதழில் எழுதப்பட்டது. கட்டில் கேட்ட நேரம், எந்த வார்டு, ஏன் கொடுக்க முடியவில்லை, 48 மணித்தியாலத்தில் என்ன ஆனார் என்று நான்கு பத்தி போட்டால் போதும். இதற்கு நன்கொடையும் வேண்டாம், அனுமதிக் கடிதமும் வேண்டாம். குழு அடுத்த கூட்டம் வைக்கும் முன்பே, கோடு போட்ட கொப்பி ஒன்றில் இன்றிரவே தொடங்கலாம்.